கூழைக் கலக்கிவிட்டு அள்ளுங்கள்: யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகக் கருத்துக் கணிப்பு நடத்துவோருக்கு

குழாய்த் தண்ணீர் வந்தால் குடிப்பீர்களா, இல்லை கிணற்றுத் தண்ணீரே போதுமா? சில வருடங்களுக்கு முன் இந்தக் கேள்வியோடு நாங்கள் ஐந்தாறு பேர் படிவக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு தின்னவேலிச் சந்தை வாசலிலும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலும் இரண்டு நாள் நின்றோம். கட்டுக் கட்டாகப் படிவம் சேர்ந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் பெரும்பாலானோர் கிணறே போதும் என்றிருந்தார்கள். அதை ஒரு கூட்டத்தில் வாசித்தபோது வேலணையிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எழுந்து, "தம்பி, எங்கடை கிணத்துத் தண்ணியை ஒருக்கா வாயில வைச்சுப் பாத்தனீங்களோ? எங்களை ஆர் வந்து கேட்டது?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. சந்தைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி வலிகாமத்துக்காரர். அவர்களுடைய கிணறுகளில் பெரும்பாலும் உப்பு இல்லை. வேலணை இருக்கும் தீவகத்தில் பல கிணறுகளில் உப்பு.

படிவம் குறைந்துபோனதால் வந்த பிழை இல்லை இது. இன்னும் பத்து நாள் அதே வாசலில் நின்றிருந்தாலும் இதே பிழையைத்தான் இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்போம். தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்துக்குப் பிறகு குழாய்த் தண்ணீர்ப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. இதைப் பற்றியோ வேறு எதைப் பற்றியோ சனத்தின் கருத்தைக் கேட்க நினைக்கும் இளையவர்களுக்காக, அன்று எங்களுக்குத் தெரியாமல்போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் திருவுளச்சீட்டு?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி, ஒரே அரிசி ஒரே நெருப்பில் வேகிறது. ஒரு மாவட்டத்துச் சனம் அப்படிச் சோறு போல ஒரே சீராக இருப்பதில்லை, ஒடியல் கூழ் போல இருக்கும். நண்டும் பலாக்கொட்டையும் அடியில் கிடக்கும், மேலே வெறும் கூழ்த் தண்ணீர் நிற்கும். மேலாக ஒரு அகப்பை அள்ளிக் குடித்துவிட்டு நண்டு போடவில்லை என்று சொல்லலாமா? நன்றாகக் கலக்கிவிட்டு அள்ளினால் சிறிய அகப்பையிலும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும். கணிப்பில் அந்தக் கலக்கும் வேலையைச் செய்வதுதான் எழுமாற்றுத் தெரிவு. பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யார் வருவார் என்பதை உங்கள் கை முடிவுசெய்யக்கூடாது. சீட்டு முடிவுசெய்ய வேண்டும்.

இதனால் இரண்டு நன்மை. ஒன்று, நாங்கள் நினைத்தே பார்க்காத வேறுபாடுகளும் தாமாகச் சமப்பட்டுவிடும். ஆண் பெண், வயது, ஊர் என்று மூன்று நான்கைப் பார்த்து ஆட்களைச் சேர்க்கலாம். வெளிநாட்டில் பிள்ளை உள்ளவர், வாடகை வீட்டில் இருப்பவர், கிணறே இல்லாதவர், பகலில் கண்ணில் படாதவர் என்று ஆயிரம் வேறுபாடுகளை யார் பட்டியல் போட முடியும்? சீட்டுக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. மற்றது, எழுமாற்றாக எடுத்தால் வரும் வழு, அதாவது கணிப்பு உண்மை நிலையிலிருந்து விலகும் அளவு, ஒருமுறை மேலே போகும், இன்னொருமுறை கீழே போகும், ஆள் கூடக்கூடச் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டும் சொல்லலாம். கைக்கு வந்தவர்களைக் கேட்டால் வழு ஒரே பக்கம் சாயும். ஆள் கூடினாலும் அந்தச் சாய்வு குறையாது.

இதற்கு உலகம் அறிந்த பாடம் 1936இல் அமெரிக்காவில் கிடைத்தது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 இலட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அதை வைத்து ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் என்ற வேட்பாளர் வெல்வார் என்று சொன்னது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 60 வீதத்துக்கு மேல் எடுத்தார், லாண்டனுக்குக் கிடைத்தது இரண்டே மாநிலம். பத்திரிகைக்குப் பெயர்கள் கிடைத்தது தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும். பெருமந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? அதோடு, அனுப்பியதில் நாலில் ஒரு பங்குதான் திரும்பியது. சிரமப்பட்டுத் திருப்பி அனுப்பியவர்களின் மனநிலையும் அனுப்பாதவர்களின் மனநிலையும் ஒன்றாக இருக்கவில்லை. அதே தேர்தலில் காலப் என்பவர் சுமார் 50,000 பேரை மட்டும் கேட்டு ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார்.

ஆனால் காலப்பின் முறையும் முழுமையானதல்ல. இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை ஏழை என்று கணக்குக் கொடுத்து, ஆளைத் தெரிவுசெய்வதை களத்தில் நிற்பவரிடம் விட்டிருந்தார். 1948இல் ட்ரூமன் தோற்பார் என்று காலப் உட்பட முக்கிய கணிப்பாளர்கள் சொன்னார்கள், ட்ரூமன் வென்றார். கடைசி வாரங்களில் கேட்காமல் விட்டது ஒரு காரணம். களத்தில் நின்றவர் தனக்கு இலேசான ஆளைத் தேடியது இன்னொரு காரணம். அதன் பிறகுதான் சீட்டு முறைக்கு உரிய இடம் கிடைத்தது.

யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள், பட்டியல் எங்கே

"யாழ்ப்பாணத்துச் சனம்" என்றால் யார்? மாவட்டமா, மாநகரசபை எல்லையா, குடாநாடா? இப்போது இங்கே வசிப்பவரா, இங்கே காணி வைத்துக்கொண்டு ரொறன்ரோவில் இருப்பவருமா? முதல் நாளே ஒரு வரியில் எழுதி வையுங்கள். இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொள்வது, யாழ்ப்பாண மாவட்டத்தில் இப்போது வசிக்கும், 18 வயது நிரம்பியவர்கள்.

அடுத்தது பட்டியல். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பட்டியலில் பெயர் இல்லாதவரை எந்தச் சீட்டும் கொண்டுவராது. யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் அவற்றுக்குள் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் 'ஜே' போட்ட ஒரு இலக்கம் உண்டு. வாக்காளர் இடாப்பும் இந்தப் பிரிவுகளின்படிதான் தயாராகிறது, ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது, பார்வைக்கும் வைக்கப்படுகிறது. எங்களுக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது கஷ்டம். முதலில் பிரதேச செயலகத்தில் போய், என்ன வேலை, யார் செய்கிறீர்கள், பெயர்களை என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கொடுத்து அனுமதி கேளுங்கள். அனுமதி இல்லாமல் இடாப்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றாதீர்கள்.

இடாப்பிலும் ஓட்டை உண்டு. அண்மையில் குடிவந்தவர்கள், வேறு மாவட்டத்திலிருந்து வந்து வாடகை அறையில் இருக்கும் மாணவர்கள் இல்லாமல் போகலாம். விட்டுப்போனவர்கள் யார் என்பதை முடிவு எழுதும்போது மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எத்தனை பேர்

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. ஒரு சுருக்கக் கணக்கு இருக்கிறது. ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுங்கள், 100ஐ அதனால் வகுங்கள். ஏறத்தாழ அத்தனை வீதம்தான் கூடுதலாகவோ குறைவாகவோ போகக்கூடிய வழு. 20 கணிப்பில் 19 இந்த எல்லைக்குள் நிற்கும். 100 பேரென்றால் 10 வீதம். 400 பேரென்றால் 5 வீதம். 1,600 பேரென்றால் 2.5 வீதம். வழுவைப் பாதியாக்க நாலு மடங்கு ஆள் வேண்டும். அதனால்தான் பெரிய நிறுவனங்களும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறோடு நிறுத்திக்கொள்கின்றன.

மாவட்டத்தில் ஐந்தரை இலட்சத்துக்கு மேல் சனம், 400 பேரைக் கேட்டு என்ன தெரியும் என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வீட்டுச் சட்டியானாலும் கோயில் கிடாரமானாலும் உப்புப் பார்க்க ஒரு கரண்டி போதும், நன்றாகக் கலக்கியிருந்தால். இரண்டு கோடிக்கு மேல் சனம் உள்ள முழு இலங்கைக்கும் அதே 400 பேர் அதே 5 வீதத்தைத்தான் தருவார்கள். மொத்தச் சனத்தொகை ஒரு சில ஆயிரமாகச் சிறுத்தால்தான் கணக்கு மாறத் தொடங்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு மாவட்டம் முழுவதிலும் தனித்தனியாகச் சீட்டு எடுத்தால்தான் அப்படியே பொருந்தும். 400 பேருக்காக 300 ஊருக்குச் சைக்கிளில் ஓட முடியாது. சில பிரிவுகளைத் தெரிந்து அங்கே பத்துப் பத்துப் பேரைக் கேட்பதுதான் நடைமுறை. அப்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள் ஒரே மாதிரித் தண்ணீர் குடிப்பவர்கள். முதல் வீட்டுக் கிணறு உவர் என்றால் பத்தாவது வீட்டுக் கிணறும் பெரும்பாலும் உவர்தான். பத்துப் பேரைக் கேட்டாலும் பத்துப் பேரின் செய்தி வராது. அதனால் குறைந்த பிரிவுகளில் நிறையப் பேரைக் கேட்பதைவிட, நிறையப் பிரிவுகளில் குறைந்த பேரைக் கேட்பது நல்லது. 20 பிரிவில் 30 பேரைவிட 60 பிரிவில் 10 பேர் மேல். இரண்டுமே 600 பேர்தான். பிரிவுக்குள் ஒற்றுமை கொஞ்சமாக இருந்தால், இப்படி எடுத்த 600 பேர் தனித்தனியாக எடுத்த 400 பேருக்குச் சமனாக நிற்பார்கள். தண்ணீர் போல இடத்தோடு ஒட்டிய விடயமென்றால் அதிலும் குறைவு. முடிந்தால் 80, 100 பிரிவுக்குப் போங்கள்.

சீட்டு எடுக்கும் முறை

இதைப் பொறுமையாக வாசியுங்கள், முழு வேலையும் இதில்தான் இருக்கிறது.

435 பிரிவுகளையும் பிரதேச செயலக வரிசையில் எழுதுங்கள். நெடுந்தீவில் தொடங்கி வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் என்று போய், மருதங்கேணியில் முடியலாம். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் பட்டியலிலும் பக்கத்தில் இருந்தால் தெரிவு மாவட்டம் முழுவதும் பரவும். ஒவ்வொரு பிரிவுக்கும் நேரே வாக்காளர் தொகையை எழுதி, பக்கத்தில் கூட்டிக்கொண்டே வாருங்கள். கடைசியில் மொத்தம் 4 இலட்சத்து 80 ஆயிரம் வந்தது என்று உதாரணத்துக்கு வைப்போம். 60 பிரிவு வேண்டும். 480,000ஐ 60ஆல் வகுத்தால் 8,000. இதுதான் இடைவெளி.

இப்போது 1க்கும் 8,000க்கும் இடையில் ஒரு எண்ணை எழுமாற்றாக எடுக்க வேண்டும். எக்செல் தெரிந்தவர்கள் அதிலேயே எடுக்கலாம். இல்லையென்றால் 0 முதல் 9 வரை பத்துத் துண்டு எழுதி ஒரு பால்மா ரின்னில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டு, நாலு முறை எடுங்கள். 8,000க்கு மேல் போனாலோ நாலும் பூச்சியமாக வந்தாலோ அதை விட்டுவிட்டு மறுபடி எடுங்கள். 3,417 வந்தது என்று வைப்போம். கூட்டுத்தொகை 3,417 எந்தப் பிரிவுக்குள் விழுகிறதோ அது முதல் பிரிவு. பிறகு 8,000 கூட்டி 11,417. பிறகு 19,417. இப்படியே 60 பிரிவு. வாக்காளர் கூடிய பிரிவுக்கு அகப்படும் வாய்ப்புக் கூட, குறைந்த பிரிவுக்குக் குறைவு.

தெரிவான ஒரு பிரிவில் 1,240 வாக்காளர் என்றால், 10 பேர் வேண்டும், இடைவெளி 124. மறுபடி ரின்னைக் குலுக்குங்கள். 57 வந்தால் இடாப்பில் 57ஆவது பெயர், பிறகு 181, 305, 429 என்று பத்துப் பெயர்.

இதில் ஒரு அழகு உண்டு. அந்தப் பிரிவு தெரிவாகும் வாய்ப்பு 8,000இல் 1,240. அதற்குள் ஒருவர் தெரிவாகும் வாய்ப்பு 1,240இல் 10. இரண்டையும் பெருக்கினால் 8,000இல் 10, அதாவது 800இல் ஒன்று. பெரிய பிரிவோ சிறிய பிரிவோ, நல்லூரோ நாகர்கோவிலோ, எல்லோருக்கும் அதே 800இல் ஒன்று. யாரும் கூட இல்லை, யாரும் குறைவில்லை. சந்தை வாசலில் நின்ற எங்களிடம் இல்லாமல் போனது இந்த ஒரு எண்தான்.

நெடுந்தீவில் 8,000 வாக்காளர் இல்லை. ஆகவே இந்தச் சீட்டில் நெடுந்தீவு அகப்படவும் கூடும், அகப்படாமலும் போகும். இரண்டும் சரிதான், சீட்டு சொன்னதாக இருந்தால். அகப்பட்டால் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகு ஏறித்தான் ஆக வேண்டும். தூரம், கடல், செலவு என்று சொல்லிப் புங்குடுதீவோடு திரும்பினால் கணிப்பு அந்த இடத்திலேயே உடைந்துவிடும்.

படலை பூட்டியிருந்தால்

பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். சீட்டில் வந்தவர் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டு ஐயா சாய்மனைக் கதிரையில் ஓய்வாக இருக்கிறார், கூப்பிட்டுத் தேத்தண்ணியும் தருகிறார். அவரைக் கேட்டுப் படிவத்தை நிரப்பினால் என்ன? நிரப்பக்கூடாது. வீட்டில் எப்போதும் இருப்பவரும் எப்போதும் இல்லாதவரும் ஒரே மாதிரி வாழ்பவர்கள் அல்ல. பக்கத்து வீடு என்ற ஒரே வசதியால் வேலைக்குப் போகும் பெண்களும், கடைப் பொடியன்களும், கடலுக்குப் போனவர்களும் உங்கள் கணிப்பிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள்.

ஒரே பெயருக்கு மூன்று முறை போங்கள், மூன்று வேறு நேரத்தில். ஒரு காலை, ஒரு மாலை, ஒரு ஞாயிறு. குருநகர், பாசையூர், மயிலிட்டிப் பக்கம் இரவுத் தொழிலுக்குப் போனவர்கள் பகலில் நித்திரையாக இருப்பார்கள். எப்போது வந்தால் வசதி என்று வீட்டில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழா நாட்களில் களத்துக்குப் போகவே வேண்டாம்.

ஒவ்வொரு பெயருக்கும் என்ன நடந்தது என்று எழுதுங்கள்: பதில் தந்தார், மறுத்தார், மூன்று முறையும் இல்லை, வெளிநாடு போய்விட்டார், காலமாகிவிட்டார். கடைசி இரண்டும் எங்கள் கணக்கிலேயே இல்லாதவர்கள், ஏனென்றால் இங்கே வசிப்பவர்களைத்தான் கேட்கிறோம். மறுத்தவரும் அகப்படாதவரும் அப்படி அல்ல. அவர்கள் கணக்கில் உள்ளவர்கள், அவர்களின் பதில்தான் இல்லை. பூட்டிய படலைகள் எங்கள் ஊர்களில் நிறைய இருப்பதால் இந்தப் பிரிப்பை அயலவரிடம் கேட்டு அன்றன்றே செய்துவிடுங்கள். 600 பதில் வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே பிரிவுக்கு 13, 14 பெயர் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த எல்லாப் பெயரையும் தேடிப்போக வேண்டும், பத்து நிறைந்ததும் நிறுத்தக்கூடாது.

இடாப்புக் கிடைக்காவிட்டால், பிரிவில் உள்ள வீடுகளை எண்ணிப் பட்டியல் போட்டு வீட்டைச் சீட்டில் எடுங்கள். வீட்டுக்குள் யாரைக் கேட்பது? 18 வயது நிரம்பியவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யார் என்று கேட்டு அவரோடு பேசுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வீடு குடும்பத் தலைவர் மட்டுமே பதில் சொல்லுவார்.

கேட்கும் விதம்

சீட்டு எவ்வளவு சரியாக இருந்தாலும் கேள்வி கோணலானால் பதிலும் கோணல்தான். "சுத்தமான குழாய்த் தண்ணீர் வேண்டாமா?" என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்? "குடிக்க இப்போது எந்தத் தண்ணீர் எடுக்கிறீர்கள்?" என்று தொடங்குங்கள். இருபது பேரிடம் ஒத்திகை பார்த்துவிட்டுப் படிவத்தை அச்சிடுங்கள்.

இன்னொன்றை மனதில் வைக்க வேண்டும். இந்த மண்ணில் படிவத்தோடு வந்து பெயர் கேட்டவர்களைச் சனம் பலவிதமாகப் பார்த்திருக்கிறது. தயங்கினால் அது குற்றமல்ல. யார் நீங்கள், எதற்குக் கேட்கிறீர்கள், ஏன் அவருடைய பெயர் வந்தது என்று முதலில் சொல்லுங்கள். "சீட்டில உங்கடை பேர் விழுந்தது அம்மா, வேற ஒண்டும் இல்லை" என்றால் பலர் சிரித்துக்கொண்டே இருக்கச் சொல்லுவார்கள். பெயர் ஒரு தாளில், பதில் இன்னொரு தாளில் இருக்கட்டும். கிராம அலுவலரையோ கட்சிக்காரரையோ கூட்டிக்கொண்டு படலையைத் திறக்காதீர்கள். மருமகளைக் கேட்கும்போது மாமனார் பதில் சொல்லத் தொடங்கினால், மரியாதையாக, "ஐயா, உங்களோடையும் பிறகு கதைக்கிறன்" என்று சொல்லி ஒதுங்கி இருந்து கேளுங்கள். குழுவில் பெண்கள் இருந்தால் இது இலேசு.

முடிவை எழுதும்போது

600 பேரில் 52 வீதம் குழாய் என்றும் 48 வீதம் கிணறு என்றும் வந்தால், குழாய் முந்துகிறது என்று எழுதாதீர்கள். வழு 5 வீதம் இருக்கும்போது அது இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமன் என்றே பொருள். தீவகத்தைத் தனியாகச் சொல்லவும் ஆசை வரும். 600இல் தீவகத்தவர் 40, 45 பேர்தான் இருப்பார்கள், அவர்களுக்கு வழு 15 வீதம். தீவகத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே அங்கே கூடுதலாக எடுத்து, மாவட்ட மொத்தம் போடும்போது அவர்களின் உரிய பங்குக்குக் குறைத்துக் கணக்கிட வேண்டும். பதில் தந்தவர்களில் பெண்களும் முதியவர்களும் கூடிப்போயிருந்தால் குடிசன மதிப்பீட்டோடு ஒப்பிட்டு, கூடியவர்களைக் குறைத்தும் குறைந்தவர்களைக் கூட்டியும் அதேபோலக் கணக்கிடலாம். இதைத்தான் நிறை கொடுப்பது என்பார்கள். ஆனால் நிறை கொடுப்பதால் பேசாதவர்களின் மனம் தெரிந்துவிடாது.

முகநூலிலும் வைபர் குழுக்களிலும் வரும் வாக்கெடுப்புகளை இதோடு சேர்த்து எடைபோடாதீர்கள். அங்கே சீட்டு இல்லை, விரும்பியவர் வந்து அழுத்துகிறார்.

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இவை இருக்கட்டும்: யாரைப் பற்றிய கணிப்பு, எந்தப் பட்டியல், எத்தனை பிரிவு, எத்தனை பெயர் எடுத்தோம், எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எந்தத் திகதிகளில் போனோம், கேள்வி சொல்லுக்குச் சொல் என்ன, வழு எவ்வளவு, யார் காசு கொடுத்தார்கள். அறிக்கை அச்சானதும் தெரிவான ஒவ்வொரு பிரிவின் சனசமூக நிலையத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். நேரம் தந்து பேசியவர்கள் அதைப் பார்க்க வேண்டும். வேலணை அம்மா மாதிரி ஒருவர் எழுந்து எங்களை ஆர் வந்து கேட்டது என்றால், எந்தப் பிரிவில், எத்தனையாம் திகதி, எத்தனை பேரைக் கேட்டோம் என்று தாளைத் திறந்து காட்டலாம்.